சோபாவுக்குத் தண்ணீர் கொஞ்சம் போதும்

தீபாவளி நெருங்கினால் ஒட்டடை அடிக்கிறோம், தரையைக் கழுவுகிறோம், கடைசியில் கூடத்துச் சோபாவிடம் வருகிறோம். ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து, துணி துவைப்பதுபோலத் தேய்க்கிறோம். சோபா கெடுவது அங்கேதான். உடுத்தும் துணியை அலசலாம், பிழியலாம், கொடியில் போடலாம். சோபாத் துணிக்கு இதில் எதுவும் வாய்க்காது. அடியில் இருக்கும் ஃபோம், விட்ட தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு நாள்கணக்கில் வைத்துக்கொள்ளும்.

காய்கிறபோது அந்த ஈரம் மேலே ஏறும். உள்ளே தங்கிய அழுக்கும் சோப்பும் கூடவே வரும். தண்ணீர் ஆவியாகிப் போனபின் அழுக்கு மட்டும் துணியில் வளையமாக நிற்கும். நேற்றுத் துடைத்த கறை இன்று திரும்ப வந்துவிட்டதே என்று கலங்குகிறோமே, காரணம் இதுதான். தீபாவளி வருவதோ ஐப்பசி அடைமழையில். ஈரக்காற்றில் ஃபோம் காயாது. பூஞ்சை பிடித்து வாடை அடிக்கும். ஆகவே ஈரம் படும் வேலையைப் புரட்டாசிக்கு முன்போ, தை பிறந்த பிறகோ வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகைக்குத் தூசி எடுத்தால் போதும்.

தூசியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அதில் இருக்கும் நுண்மணல், நாம் உட்கார்ந்து எழும்போதெல்லாம் நூலை அராவுகிறது. வாரம் ஒருமுறை வாக்குவம் கிளீனரால், இடுக்குகள் உட்பட, உறிஞ்சி எடுத்துவிட்டால் சோபாவின் ஆயுள் கூடும். தூசியை எடுக்காமல் நனைத்தால் அது சேறாகித்தான் உள்ளே இறங்கும்.

மெத்தையின் அடியில் சில சோபாக்களில் ஒரு சீட்டு தைத்திருக்கும். அதில் டபிள்யூ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் தண்ணீர் படலாம். எஸ் இருந்தால் தண்ணீர் ஆகாது, டிரைகிளீனிங் திரவம்தான். இரண்டும் இருந்தால் இரண்டும் ஆகும். எக்ஸ் என்றால் தூசி எடுப்பதோடு சரி. சீட்டு இல்லாவிட்டால், பின்புறம் கண்ணில் படாத ஓர் இடத்தில் ஈரமான வெள்ளைத் துணியைக் கொஞ்சநேரம் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறாவிட்டாலும் அந்த இடம் முழுக்கக் காய்ந்து, சுருக்கமோ வளையமோ இல்லை என்று தெரிந்த பிறகு மேலே போங்கள். ரேயான், விஸ்கோஸ் கலந்த வெல்வெட் நனைந்தால் வலுவிழக்கும், பட்டில் சொட்டுத் தண்ணீரும் தடம் விடும். இவற்றில் கூடுதல் கவனம் வேண்டும்.

நம் வீடுகளில் பெரிய சோதனை சாம்பார்க் கறைதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி சிவக்கிறது அல்லவா? காரம் பட்டால் மஞ்சளின் சாயம் சிவக்கும். சலவைத்தூளிலும் காரம் உண்டு. அதைப் போட்டுத் தேய்த்தால் கறை செந்நிறமாகி இன்னும் பரவும். முதலில் கரண்டியால் வழித்தெடுங்கள். காய்ந்த துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். தேய்க்கவே கூடாது. மஞ்சளின் சாயம் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். எனவே மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை, மறைவிடத்தில் சோதித்தபின், வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றியெடுங்கள். சோபாமேல் நேராக ஊற்றாதீர்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும், அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. மிச்சமிருக்கும் லேசான மஞ்சள் வெயிலில் வெளிறும். மெத்தையைக் காலை வெயிலில் கொஞ்சநேரம் வையுங்கள். அடர்நிறத் துணியானால் அதுவும் வேண்டாம், துணியின் நிறமே மங்கும்.

சாய்மானத்தில் படியும் தேங்காயெண்ணெய்க்கு அரிசி மாவோ டால்கம் பவுடரோ போதும். தூவி, சில மணி நேரம் விட்டு, உறிஞ்சி எடுத்துவிடலாம். பால் கொட்டினால் குளிர்ந்த நீர்தான். சுடுநீர் பட்டால் பாலின் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும்.

மெத்தை உறையில் ஜிப் இருக்கிறதே என்று கழற்றி மெஷினில் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஜிப் பெரும்பாலும் உறையை மாட்டுவதற்காக வைத்தது. பருத்தியோ லினனோ சுருங்கிவிட்டால் அந்த உறை மறுபடி மெத்தையில் ஏறாது. துவைக்கலாம் என்று சீட்டில் எழுதியிருந்தால் மட்டும் கழற்றுங்கள்.

ஆள் வைத்துச் சுத்தம் செய்வதானாலும் வேலை தொடங்குமுன் அவரிடம் கேளுங்கள்: எந்தத் திரவம், எவ்வளவு ஈரம், காய எத்தனை மணி நேரம்? மறைவிடத்தில் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.