ஒரு குழந்தை, ஒரு ஃபைல்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்கு ‘அமெரிக்கப் பயண அனுபவம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார். நயாகராவைப் பற்றி இதே மேடையில் நாலு பேர் பேசிவிட்டார்கள். ஆகவே, நியூஜெர்ஸியில் ஒரு பள்ளிக்கூட அறையில் நான் உட்கார்ந்திருந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டும் சொல்கிறேன்.

2023இல் பிள்ளையிடம் ஆறு மாதம் தங்கப் போயிருந்தோம். பேரனுக்கு அப்போது எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. செஸ்ஸில் என்னைச் சுலபமாகத் தோற்கடிப்பான். ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் மட்டும் முகம் வாடிவிடும். டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பதில் வரும் குறைபாடு, என்று பரிசோதித்துச் சொல்லியிருந்தார்கள். புத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அவனுக்காகப் பள்ளியில் ஒரு மீட்டிங். குழந்தையை அறிந்தவர் யாரையும் பெற்றோர் உடன் அழைத்து வரலாம் என்பது அங்கே விதி. அதனால் நானும் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன். வகுப்பு ஆசிரியை, சிறப்பாசிரியை, பள்ளியின் மனோதத்துவ நிபுணர், நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், நாங்கள் மூவர். ஒரு பொடியனுக்காக இத்தனை பேரா என்று வியந்தேன். எல்லோர் கையிலும் ஒரே ஃபைல். அதன் பெயர் ‘இண்டிவிஜுவலைஸ்டு எஜுகேஷன் புரோகிராம்’, சுருக்கமாக ஐ.இ.பி. தனி மாணவனுக்கான கல்வித் திட்டம் என்று சொல்லலாம்.

முப்பத்தாறு வருஷம் சர்க்கார் ஃபைல் பார்த்தவன் நான். “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று எழுதியே ரிடையர் ஆனவன். இந்த ஃபைலில் அந்த மாதிரி வாக்கியமே இல்லை. இன்று பையன் நிமிஷத்துக்கு 38 வார்த்தை பிழையின்றி வாசிக்கிறான். அடுத்த ஜூனுக்குள் 75 வாசிக்க வேண்டும். அதற்காக வாரம் ஐந்து நாள், தினம் 40 நிமிஷம், மூன்று பேருக்கு மேற்படாத குழுவில் சிறப்பாசிரியை சொல்லிக்கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் வழக்கமான வகுப்பில்தான் இருப்பான். கணக்குப் பரீட்சையில் கேள்வியை ஒருவர் வாசித்துக் காட்டுவார். எவ்வளவு முன்னேறினான் என்று வீட்டுக்கு ரிப்போர்ட் வரும். பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் படித்த எனக்கு இந்த அளந்து பார்க்கும் முறை மிகவும் பிடித்தது.

இதெல்லாம் பள்ளியின் தயவில் நடப்பதல்ல, சட்டம். 1975 நவம்பரில் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அது. அதற்கு முன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊனமுற்ற குழந்தைகள் அங்கே பள்ளிக்குள்ளேயே சேர்க்கப்படவில்லை. இப்போது வருஷத்துக்கு ஒரு முறையாவது திட்டத்தைத் திருத்த வேண்டும், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மறுபரிசோதனை. பெற்றோர் சம்மதம் இல்லாமல் முதலில் ஆரம்பிக்க முடியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் விசாரணை கேட்கலாம். அங்கும் எல்லாம் சொர்க்கமில்லை. கூடுதல் செலவில் 40 சதவீதம் தருவதாகச் சொன்ன மத்திய அரசு, அதை ஒரு வருஷம்கூட முழுதாகத் தந்ததில்லை. வக்கீல் வைத்துச் சண்டை போடும் பெற்றோரும் உண்டு.

மீட்டிங் நடுவே மனோதத்துவ நிபுணர், “குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?” என்று கேட்டார். வழக்கமான கேள்விதான். என் பிள்ளை நிதானமாக, “எனக்கு இருந்தது. இன்றைக்கும் நீளமான கடிதம் வந்தால் கம்ப்யூட்டரை வாசித்துக் காட்டச் சொல்வேன்” என்றான்.

எனக்கு அதுவரை தெரியாது.

1986இல் அவனுக்கும் எட்டு வயது. ஒவ்வொரு ரிப்போர்ட் கார்டிலும் ‘கவனக்குறைவு’ என்று எழுதி வரும். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, மர ஸ்கேலை எடுப்பேன். தப்பாக எழுதிய ஒரு வார்த்தையை நூறு தடவை எழுத வைப்பேன். எண்பதாவது தடவைக்கு மேல் மறுபடியும் தப்பு வரும், மறுபடியும் அடி. “போதும், விடுங்கோளேன்” என்று என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். 2007இல் ‘தாரே ஜமீன் பர்’ படம் வந்தபோது குடும்பத்தோடு போனோம். நான் மட்டும் பாதியில் எழுந்து வெளியே வந்து நின்றேன். தலைவலி என்று சொன்னேன்.

அன்று காரில் திரும்பும்போது, “ஏண்டா, அந்த ஸ்கேல் ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். “இருக்குப்பா” என்றான். அவ்வளவுதான் பேசினோம்.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் இந்தக் குறைபாடு இல்லவே இல்லை. 2016ஆம் வருஷச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதன் 16ஆவது பிரிவு, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடிக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தேவைப்படும் தனி உதவியைத் தர வேண்டும் என்கிறது. சி.பி.எஸ்.இ. மூன்று மணிப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருகிறது. இரண்டு மொழிக்குப் பதில் ஒன்று போதும் என்கிறது. ஆரம்ப வகுப்புகளில் இப்படிப்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியாயிற்று. ஆனால் பள்ளியையும் பெற்றோரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கும் அந்த ஃபைல் மட்டும் நம் சட்டத்தில் கட்டாயமாக்கப்படவில்லை. பெற்றோர் போய்க் கேட்டால்தான் உண்டு. நம்மவர்கள் கேட்பதில்லை. ‘நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்துவிடுமே’ என்று சர்டிபிகேட்டே வாங்காமல் இருக்கும் மூன்று குடும்பங்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

எங்கள் பில்டிங்கில் ஒரு பெண் குழந்தை, ஆறாம் வகுப்பு. சென்ற மாதம் அதன் பெற்றோருடன் நானும் பள்ளிக்குப் போனேன். பிரின்ஸிபால் முதலில் யோசித்தார். பேரனின் ஃபைலிலிருந்து பெயரை மறைத்து எடுத்த ஜெராக்ஸைக் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, வகுப்பு ஆசிரியையைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதியிருக்கிறார்கள். டிசம்பரில் மறுபடி பார்ப்பதாகத் தேதி குறித்திருக்கிறோம்.

அந்த ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை 10 முதல் 12 வரை சங்க நூலகத்தில் இருப்பேன். ரிப்போர்ட் கார்டுகளை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து மனு எழுதலாம். குழந்தையின் பெயரைக்கூட என்னிடம் சொல்ல வேண்டியதில்லை.