போதும் என்று சொல்ல முடியாத உயிர்

(வானொலி மறையுரை)



பொங்கல் முடிந்த கையோடு ஜனவரி 17-ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருவிழா வருகிறது. அன்று ஆடு மாடுகளை மந்திரிப்பது திருச்சபையின் பழைய வழக்கம். இதே நாட்களில்தான் மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயங்களும் களைகட்டுகின்றன. பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, தார்ச்சாலையில் மைல் கணக்கில் ஓட்டுவார்கள். புதுச்சேரியில் இருக்கிற நாமும் கைப்பேசியில் பார்த்து ரசிக்கிறோம்.

பந்தய மாடு வளர்ப்பவர்களுக்கு மாட்டின்மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளைக்கு இல்லாவிட்டாலும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கிப் போடுகிறவர்கள் அவர்கள். ஆனால் கடைசி மைலில், பக்கத்து வண்டி முந்தும்போது, அந்தப் பாசம் எங்கே போகிறது? சாட்டை ஓங்குகிறது, வால் முறுக்கப்படுகிறது. வாயில் நுரை தள்ள மாடு ஓடுகிறது. அதற்குப் 'போதும்' என்று சொல்லத் தெரியாது.

இதைக் கடவுள் அறிந்திருக்கிறார். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளையை இணைச்சட்ட நூல் ஐந்தாம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் ஓய்வு கொடுக்கச் சொல்லும் அதே வசனத்தில் மாட்டையும் கழுதையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார் ஆண்டவர். வாய் திறந்து ஓய்வு கேட்க முடியாத உயிருக்காகக் கடவுளே கேட்கிறார். 'மனுசனுக்கே ஓய்வில்லை, மாட்டுக்கா?' என்று சிலர் கேட்பதுண்டு. கட்டளை இருவரையும் பிரிக்கவில்லையே! மாட்டின் களைப்பைப் பார்க்கப் பழகாத கண், வீட்டு வேலை செய்யும் பெண்ணின் களைப்பையும் பார்க்காது. விலங்குகளிடம் காட்டும் கொடுமை மனிதரிடமும் வந்து சேரும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் எச்சரித்தார்.

எண்ணிக்கை நூலில் பிலயாமின் கழுதையை நினைத்துப் பாருங்கள். வழியை மறித்து நின்ற ஆண்டவரின் தூதரைக் கண்டு அது விலகியது, சுவரோரம் ஒதுங்கியது, கடைசியில் படுத்துவிட்டது. மூன்று முறையும் அடி விழுந்தது. பிலயாமுக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்திருந்தது. அது விலகியதால்தான் அவர் உயிர் பிழைத்தார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. பனி மூடிய அலாஸ்காவில் 1925-ஆம் ஆண்டு நோம் என்ற ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. குழந்தைகளைக் காப்பாற்ற, சுமார் 20 ஓட்டுநர்களும் 150 நாய்களும் மாற்றி மாற்றி ஓடி, ஐந்தரை நாளில் மருந்து கொண்டுவந்தார்கள். அன்று தேவை இருந்தது, சுமையும் பகிரப்பட்டது. 1973 முதல் அதே நோம் ஊர்வரை 'இடிடராட்' என்ற பந்தயம் நடக்கிறது. சுமார் 1,000 மைல் தூரத்தையும் ஒரே நாய்க்கூட்டம் ஓடி முடிக்க வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள், கட்டாய ஓய்வும் உண்டு. அப்படியும் 2024-இல் மூன்று நாய்கள் இறந்தன. தேவையில்லாமல் விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி: இந்த ஓட்டம் யாருடைய தேவைக்காக?

ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் 2014-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. 2017-இல் தமிழ்நாடு ஜல்லிக்கட்டுக்காகச் சட்டத்தைத் திருத்தியது. 2023-இல் அதே நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. நீதிமன்றம் அனுமதித்தாலும் மனச்சான்று நம்மைக் கேள்வி கேட்கும். வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சி கூடவே கூடாது.

நாம் என்ன செய்யலாம்? திண்டுக்கல் பக்கம் அந்தோணியார் திருவிழாவை ஒட்டி ஜல்லிக்கட்டு நடத்தும் கத்தோலிக்க ஊர்களும் உண்டு. நம் உறவினர் எந்த விழாக் குழுவில் இருந்தாலும் கேட்போம்: தண்ணீர் இருக்கிறதா? கால்நடை மருத்துவர் வருகிறாரா? அடிக்கிறவரை வெளியேற்றுவீர்களா? பதில் இல்லையென்றால் நன்கொடை தர வேண்டாம். மாட்டை அடிக்கும் காட்சியைக் கைப்பேசியில் யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். கைதட்டல் நின்றால் சாட்டையும் தாழும்.

மன்றாடுவோமாக: படைப்புகள் அனைத்தின் தந்தையே, உமது கையிலிருந்து பெற்ற உயிர்களை உமது கண்கொண்டு பார்க்க எங்களுக்குக் கற்றுத் தாரும். பேச முடியாதவற்றுக்காகப் 'போதும்' என்று சொல்லும் துணிவை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.