சீட்டு எழுதுறது யாரு?

(அவலூர்பேட்டையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மனநோய்க்கு மாத்திரை எழுதுற அதிகாரம் யார் கையில் இருக்கணும் என்று பேசச் சொன்னார்கள். டாக்டர்களுக்குள்ளே நடக்கிற பங்காளிச் சண்டைதானே, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். சண்டை அவர்களுடையது. மாத்திரை கிடைக்காமல் ரோட்டில் அலைகிறவன் நம்ம ஆள்.

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநோய் பற்றிப் படித்தவர். உளவியலாளர் மருத்துவம் படித்தவரல்ல. மனசைப் படித்தவர், பேச்சாலேயே ஆளைத் தேற்றுகிறவர். இங்கே அவர் மருந்து எழுத முடியாது. தன் தொழிலுக்கு அனுமதியில்லாத மருந்தை எவரும் பரிந்துரைக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106ஆவது பிரிவு சொல்கிறது.

அமெரிக்காவில் வேறு கதை. 1991இல் ராணுவத்துறை ஒரு சோதனைத் திட்டம் தொடங்கி, பத்து உளவியலாளர்களுக்கு மருந்து எழுதப் பயிற்சி கொடுத்தது. பிறகு 2002இல் நியூ மெக்சிகோ மாநிலமும், 2004இல் லூசியானாவும் சட்டமே போட்டன. இல்லினாய், அயோவா, ஐடஹோ, 2023இல் கொலராடோ என்று அது நீண்டது. கிராமங்களில் மனநல மருத்துவர் இல்லை, மாசக்கணக்கில் காத்திருக்கணும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். மருத்துவர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் தொழில் பொறாமை உண்டு, ஆனால் அது மட்டுமே இல்லை. மாத்திரை மனசுக்குள் மட்டும் போய் உட்காருவதில்லை. லித்தியம் சாப்பிடுகிறவருக்கு அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்கணும். சிறுநீரகம், தைராய்டு கெடுகிறதா என்று கவனிக்கணும். அளவு கூடினால் விஷம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 2015-16இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோய்க்கு நோய் வேறுபட்டாலும், சிகிச்சை கிடைக்காதவர்கள் நூற்றுக்கு 70 முதல் 92 பேர். இவர்கள் எங்கே போகிறார்கள்? அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் போய்ப் பாருங்கள். பேய் பிடிச்சிருக்கு என்று கூட்டி வருகிறார்கள். நான் அம்மனைக் குறை சொல்லவில்லை. கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றுதான் சனங்கள் அங்கே போகிறார்கள். ஆனால் ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை, கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலி போட்டிருந்ததால் ஓட முடியாமல் எரிந்தார்கள், 28 பேர்.

அப்போ உளவியலாளருக்கும் பேனா கொடுத்துவிட்டால் தீருமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரும் பட்டணத்தில்தானே இருக்கிறார். பேனா ஒரு பட்டணத்துக் கையிலிருந்து இன்னொரு பட்டணத்துக் கைக்கு மாறும். காலனிக்கு வராது.

1982இல் வந்த தேசிய மனநலத் திட்டமே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் பயிற்சி கொடுத்து அவரையே மனநோய்க்கு வைத்தியம் பார்க்க வைக்கணும் என்று சொன்னதுதான். சட்டம் எதுவும் மாற வேண்டியதில்லை. ஆனா நடக்கிறது என்ன? “செஞ்சிக்குப் போ, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ.” முண்டியம்பாக்கத்துக்கோ திருவண்ணாமலைக்கோ போகணும் என்றால் பஸ் காசு, கூடப் போகிற ஆளுக்கு ஒருநாள் கூலி போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா சொன்னது: “மாத்திரை குடுத்தா தூங்குறான் தம்பி. தீர்ந்துபோனா மறுபடி ஓடுறான். மாசாமாசம் எங்க போறது?”

2017 சட்டத்தின் 18ஆவது பிரிவை மாணவர்கள் ஒருவாட்டி வாசித்துவிடணும். சாதி பார்த்து வேற்றுமை காட்டக்கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள மருந்து எல்லாம் இலவசம், எல்லா நேரமும் இருக்கணும் என்கிறது. ஆனால் சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே மட்டும்! அதுக்குக் கீழே, நம்ம பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. டாக்டர் பார்த்துத் தொடங்கிக் கொடுத்த மனநோய் மாத்திரையையும் அதே மாதிரி வாசலுக்குக் கொண்டுவரணும், ரத்தப் பரிசோதனையோடு. உளவியலாளருக்குப் பேனா வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். ஊர்த் தெருவில் அடி வாங்கி வந்தவனுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால், அவனுக்கு மாத்திரையை மட்டும் நீட்டிவிட்டு அனுப்பக்கூடாது. என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்க ஒருத்தர் வேண்டும். அவர் நம்ம பிள்ளைகளிலிருந்தும் வரணும். இங்கே பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கிறவர்கள் யோசியுங்கள்: மருத்துவ உளவியல் என்று ஒரு படிப்பு உண்டு.

2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தபோது, டாக்டர் அல்லாதவர்களுக்கும் ஆரம்ப மருத்துவத்தில் குறிப்பிட்ட மருந்துகளை எழுத வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்று 32ஆவது பிரிவில் வைத்தார்கள். டாக்டர்கள் சங்கம் ஜூலை 31இல் வேலைநிறுத்தம் செய்தது. அன்றைக்கு யாராவது நோயாளியைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வேணும் என்று கேட்டார்களா?

மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதியிருக்கிறோம், வாசலில் மேசைமேல் இருக்கிறது. கேட்டது இரண்டுதான்: மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தீராமல் இருக்கணும், வாரத்தில் ஒருநாளாவது உளவியலாளர் அங்கே உட்காரணும். கைநாட்டு வைக்கிறவர்களுக்கு முதலில் முழுசாகப் படித்துக்காட்டுங்கள் தம்பிகளே, அப்புறம் மையை நீட்டுங்கள்.