விலை பேசப்பட்ட ஐயம்

(மாணவர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

சென்ற திங்கள் ஒரு கூட்டத்தில் பேசி முடித்து அமரும் வேளையில், மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை, கேள்வி மட்டும் இருந்தது.

“எதையும் ஐயுறு, எவர் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்று எங்களுக்குக் கற்றுக் கொடுத்த இயக்கம் இது. உலகம் சூடேறுகிறது, பேராபத்து வருகிறது என்பதை மட்டும் ஏன் நம்பச் சொல்கிறீர்கள்? அமெரிக்க நாட்டு அதிபரே 2025 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் நின்று, அது உலகை ஏய்க்கும் பெரிய மோசடி என்று முழங்கினாரே! அவர்மீது ஐயம், விஞ்ஞானிகள்மீது நம்பிக்கையா? இது எந்தப் பகுத்தறிவு?”

அன்று நான் என்ன செய்தேன்? “நேரமாகிவிட்டது, பிறகு பேசுவோம்” என்று கூறிச் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்தேன். கூட்டம் கலைந்தது, கேள்வி கலையவில்லை. மேடையிலிருந்து நழுவிவிட்டோமே என்ற உறுத்தல் பல இரவுகள் என்னை வாட்டியது. அந்தக் கேள்விக்கு அளிக்கும் விடைதான் இன்றைய என் பேச்சு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானி அல்லன். கல்லூரிப் படிகளைப் பாதியில் விட்டு இறங்கி, நாடகமேடைப் படிகளில் ஏறியவன். வளிமண்டலக் கணக்கு எனக்கு வராது. ஆனால் வேடம் தெரியும்! எவன் மெய்யாகவே அழுகிறான், எவன் கிளிசரினைத் தடவிக்கொண்டு அழுகிறான் என்பது ஒப்பனை அறையில் நின்று பழகியவனுக்குத் தெரியாமற் போகாது.

ஐயத்திலும் அவ்வாறே இரண்டு உண்டு, தோழர்களே! விடையைத் தேடி அலையும் ஐயம் ஒன்று. விடை வந்துவிடக் கூடாதே என்று அஞ்சும் ஐயம் மற்றொன்று. முன்னது அறிவின் தாய். பின்னது ஆதாயத்தின் அடிமை. இரண்டும் ஒரே உடை உடுத்தி, ஒரே குரலில் பேசும். பிரித்தறிவதுதான் பகுத்தறிவு.

ஒரு காட்சியைக் காட்டுகிறேன். இடம்: அமெரிக்கச் செனட் சபை. நாள்: 2015 பிப்ரவரி 26. ஓக்லஹோமா மாநில உறுப்பினர் ஜேம்ஸ் இன்ஹோப் எழுகிறார். பையிலிருந்து ஒரு பனிப்பந்தை எடுக்கிறார். வெளியே எத்துணைக் குளிர் பாரீர் என்று சொல்லி, அவைத்தலைவர் பக்கம் வீசுகிறார்! வீசியவர் தெருக்கோடி வம்பரா? அல்ல, சுற்றுச்சூழல் குழுவின் தலைவர்! அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே 2014தான் வெப்பம் மிகுந்த ஆண்டு என்று, அந்நாட்டு அரசின் ஆய்வு நிலையங்களே அதற்கு முந்திய மாதம் அறிவித்திருந்தன. ஒரு நாள் விற்பனையைக் காட்டி, முப்பதாண்டுக் கணக்கேட்டை மூடிவிடச் சொல்லும் கணக்கப்பிள்ளையை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டேன், அந்தச் சபையில்.

பனிப்பந்து கரைந்துவிட்டது. அது பரப்பிய ஐயம் கரைந்ததா? இல்லை. எங்கே பிறந்தது அந்த ஐயம்? கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

1856. யூனிஸ் பூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் மற்றவற்றைவிடச் சூடேறியது, ஆறவும் நேரமாயிற்று. வானில் இவ்வாயு மிகுந்தால் உலகம் வெம்மையுறும் என்றார் அவர். 1859இல் ஜான் டிண்டல் இங்கிலாந்தில் அந்த வாயு வெப்பத்தைப் பிடித்து வைப்பதை அளந்து காட்டினார். 1896இல் சுவீடன் நாட்டு ஸ்வான்டே அர்ரேனியஸ், கரியமில வாயு இரு மடங்கானால் வெப்பம் எத்தனை பாகை ஏறும் என்று கையாலேயே கணக்கிட்டார். 1958இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் அந்த வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. 2024இல் ஏறத்தாழ 424 பங்கு! ஆலைகள் பெருகுவதற்கு முன்போ 280 பங்குதான்.

இந்த வரிசையில் நம் மண்ணின் பெயரும் ஒன்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்ற வீரபத்திரன் இராமநாதன், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்களும் வெப்பத்தைச் சிறைபிடிப்பவை என்று 1975இல் கண்டறிந்தார். உலகம் சூடேறுவது 2000ஆம் ஆண்டுக்குள் கண்ணுக்குத் தெளிவாகிவிடும் என்று 1980இல் ரோலண்ட் மேடனுடன் சேர்ந்து முன்கூட்டியே எழுதினார். சோதிடமன்று, தோழர்களே, கணக்கு! தவறினால் தவறென்று எவரும் காட்டக்கூடிய கணக்கு. அது தவறவில்லை.

சரி, இவர்களை எண்ணெய் முதலாளிகள் ஐயுற்றார்களா? அங்கேதான் நாடகத்தின் திருப்பம்! 1977இல் எக்ஸான் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், எண்ணெயும் நிலக்கரியும் எரிப்பது உலக வெப்பநிலையைப் பாதிக்கும் என்று தம் மேலாளர்களிடமே எடுத்துரைத்தார். அந்நிறுவன விஞ்ஞானிகள் தாமும் கணக்கிட்டார்கள். 1977 முதல் 2003 வரை அவர்கள் செய்த கணிப்புகளை அண்மைக் கால அளவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளியாயிற்று. கணிப்புகளில் பெரும்பாலானவை சரியாக இருந்தன! பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.2 பாகை ஏறும் என்றார்கள், ஏறியது.

அறைக்குள் இப்படி. அரங்கில் எப்படி? 1997 அக்டோபரில் சீனத் தலைநகரில் கூடிய உலகப் பெட்ரோலிய மாநாட்டில், அதே எக்ஸானின் தலைவர் லீ ரேமண்ட், இருபதாண்டுக்கு முன்பிருந்ததைவிட உலகம் குளிர்ந்திருக்கிறது என்று பேசினார்! நாங்கள் எதையும் மறைக்கவில்லை என்கிறது அந்நிறுவனம். ஏடும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டுவதில்லை.

தனியொரு நிறுவனமா? எண்ணெய், நிலக்கரி, மோட்டார் முதலாளிகள் 1989இல் கூட்டணி அமைத்தார்கள். உலகத் தட்பவெப்பக் கூட்டணி என்று பெயர். பெயரைக் கேட்டால் உலகைக் காக்க வந்தவர்கள் போலத் தோன்றும்! கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதற்கான அறிவியல் அடிப்படை மறுக்க முடியாதது என்று அவர்களுடைய சொந்த வல்லுநர்களே 1995இல் எழுதிக் கொடுத்தார்கள். கூட்டணியோ ஊரெங்கும் ஐயத்தை ஓதிக்கொண்டிருந்தது. 2002இல்தான் கடையை மூடியது.

புதிய சரக்கா இது? இல்லை, பழைய சரக்கு! புகையிலையால் புற்றுநோய் வரும் என்று மருத்துவர்கள் காட்டியபோது, சிகரெட் நிறுவனமொன்றின் 1969ஆம் ஆண்டுக் குறிப்பேடு, நாம் ஆக்கி விற்கும் பொருளே ஐயந்தான் என்ற கருத்தை வெட்கமின்றி எழுதி வைத்தது. பொய்யை நிலைநாட்ட வேண்டியதில்லை. உண்மையைத் தள்ளிப்போட்டால் போதும். ஒவ்வோராண்டு தாமதமும் இலாபம்!

2002இல் குடியரசுக் கட்சிக்குச் சொல்லாட்சி வகுத்துத் தந்த பிராங்க் லுன்ட்ஸ், விஞ்ஞானிகளிடையே முடிவு ஏற்படவில்லை என்ற எண்ணத்தை மக்களிடம் கலையவிடாதீர்கள் என்று குறிப்பு எழுதினார். “உலகம் வெப்பமடைதல்” என்ற சொல் அச்சமூட்டுகிறது. “தட்பவெப்ப மாற்றம்” என்று மென்மையாகச் சொல்லுங்கள் என்றார். சொல்லின் வலிமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டா! 2017இல் லாஸ் ஏஞ்சல்சில் அவர் வீட்டருகே காட்டுத்தீ வந்து நின்றது. 2019இல் அவர் செனட்டர்கள் முன் அமர்ந்து, நான் தவறிழைத்தேன் என்றார். தீ அருகே வந்தபின் வந்த தெளிவு! எல்லார் வீட்டுக்கும் தீ வரும்வரை காத்திருக்கலாமா?

இனி இளைஞரின் கேள்வியிலுள்ள நியாயத்தைப் பேசுவோம். நேர்மையான ஐயமே இல்லையா? உண்டு. ரிச்சர்டு முல்லர் என்ற கலிபோர்னியா இயற்பியலறிஞர், வெப்பக் கணக்கில் பிழை இருக்குமோ என்று மெய்யாகவே ஐயுற்றார். 2010இல் தனிக்குழு அமைத்து அளவைகளையெல்லாம் மீண்டும் சோதித்தார். எண்ணெய்ச் செல்வர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் பணம் தந்தது! முடிவு? உலகம் சூடேறுவது மெய், காரணம் ஏறக்குறைய முழுவதும் மனிதனே என்று 2012இல் அவரே எழுதினார். விடை வந்ததும் தலைவணங்கிய ஐயம் அது! அந்த ஐயத்துக்கு நம் வணக்கம்.

இன்னொன்று: எவ்வளவு ஏறும்? இதில் விஞ்ஞானிகள் மெய்யாகவே வேறுபடுகிறார்கள். கரியமில வாயு இரு மடங்கானால் 1.5 முதல் 4.5 பாகை ஏறும் என்றது 1979ஆம் ஆண்டு அறிக்கை. பெரும்பாலும் 2.5 முதல் 4 பாகைக்குள் என்று 2021இல் ஐ.நா. அறிஞர் குழு நெருக்கிக் கூறியது. மேகங்கள் என்ன செய்யும் என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணக்கில் உறுதியின்மை என்றால், கேடு நாம் எண்ணியதைவிடச் சிறிதாகவும் இருக்கலாம், பெரிதாகவும் இருக்கலாம். ஐய வணிகர்கள் முதற்பாதியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறார்கள்.

அவர்களுடைய நாடகத்தில் நான்கு வேடங்கள். முதல் வேடம், “வெப்பம் ஏறவே இல்லை” என்கிறது. அது வெளுத்ததும் இரண்டாவது, “ஏறுகிறது; மனிதன் காரணமல்லன்” என்கிறது. அதுவும் வெளுத்தால் மூன்றாவது, “மனிதன்தான் காரணம், கேடு பெரிதன்று” என்கிறது. நான்காவது வேடம் தலையில் கை வைத்து, “கேடு பெரிது, காலம் கடந்துவிட்டது” என்று புலம்புகிறது. நான்கு வேடம், முடிவுரை ஒன்றே: “ஒன்றும் செய்யாதே!” ஆகவே, எல்லாம் அழிந்தது என்று ஒப்பாரி வைப்பவரும் நமக்கு நண்பரல்லர். அரைப் பாகை குறைந்தாலும் அந்த அரைப் பாகையில் பிழைப்போர் உண்டு.

கேடு பெரிதா என்று கேட்டால், காப்பீட்டுக்காரரைக் கேளுங்கள். அவர் கட்சி பார்ப்பதில்லை; கணக்குப் பார்ப்பவர். 2018 நவம்பரில் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்னும் ஊர் எரிந்தது. பாரடைஸ் என்றால் துறக்கம் என்று பொருள்! 85 உயிர்கள் கருகின. தீயை மூட்டியது மின்கம்பி. அதைப் பாய விட்டது காய்ந்து கிடந்த காடு. 2023 மே மாதம் ஸ்டேட் பார்ம் என்னும் பெரிய காப்பீட்டு நிறுவனம், அம்மாநிலத்தில் வீடுகளுக்குப் புதிதாகக் காப்பீடு தருவதை நிறுத்தியது. பேரழிவு அச்சம் பெருகிவிட்டது என்பதையும் காரணமாகக் கூறியது. மேடையில் மோசடி என்கிறார்கள், கணக்கேட்டிலோ அச்சம்!

கடைசியாக, நமக்கே கசக்கும் ஒரு பாடம். இந்த உண்மை அமெரிக்காவில் முன்பு கட்சிக் கொடி சுமக்கவில்லை. 1992இல் தட்பவெப்ப உடன்படிக்கையில் ஒப்பமிட்ட மூத்த புஷ் குடியரசுக் கட்சிக்காரர். 2003இல் வாயுக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து 43க்கு 55 என்று தோற்ற மெக்கெயின் குடியரசுக் கட்சிக்காரர். 2008இல் எதிர்க் கட்சியின் நான்சி பெலோசியோடு ஒரே சோபாவில் அமர்ந்து, செயற்பட வேண்டும் என்று விளம்பரத்தில் பேசிய கிங்ரிச்சும் அக்கட்சியே! 2011இல் அதிபர் பதவிக்கு நின்றபோது, அதுதான் நான் செய்த பெரிய மடமை என்றார் அவர். வெப்பமானி மாறியதா? இல்லை, காற்று மாறியது. கட்சிக்குள் வீசிய காற்று!

அமெரிக்க மக்களோ அத்தனை பேரும் மறுப்போர் அல்லர். யேல் பல்கலைக் கழகத்தார் அவர்களை ஆறு வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். முற்றாக மறுப்போர் பத்தில் ஒருவர் அளவே. மிக அஞ்சுவோர் நால்வரில் ஒருவர் அளவு. ஆனால் ஒலிபெருக்கி யார் கையில்? 2025 சனவரியில் அந்நாடு பாரிசு உடன்படிக்கையை மீண்டும் உதறும் ஆணை பிறந்தது, அந்தப் பத்தில் ஒருவரின் குரலால்! ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறார். ஓர் இந்தியர் ஏறத்தாழ 2 டன். ஐயம் அங்கே விற்பனையாகிறது. விலையை நாகப்பட்டினத்து மீனவனும் சேர்ந்து கொடுக்கிறான்.

ஆகவே சீட்டெழுதிய தோழரே, கேளுங்கள். நம் கட்சி சொல்கிறது என்பதற்காக இதை நம்பாதீர்கள். நம் கொடி மாறினால் உங்கள் கருத்தும் மாறும் என்றால், நீங்கள் கிங்ரிச்சின் சோபாவில்தான் அமர்ந்திருக்கிறீர்கள். சொன்னவர் யார் என்பதையல்ல, சொன்னது மெய்யா என்பதைப் பார்க்கச் சொன்ன வள்ளுவர் வழியில் ஐயப்படுங்கள். என்னையும் ஐயுறுங்கள்! ஐயுற்றபின், நான் அன்று செய்ததுபோல் சீட்டை மடித்துப் பையில் வைக்காதீர்கள். விடை கிடைக்கும்வரை தேடுங்கள், கிடைத்ததும் தலைவணங்குங்கள், வணங்கியபின் செயலில் இறங்குங்கள்.

எவரேனும் உங்களிடம் ஐயத்தை இலவசமாக நீட்டினால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: “ஐயா, இதற்குப் பணம் கொடுத்தவர் யார்?”