சாம்பலூர்க் காவலர்



ரயில்வேயில் கணக்கெழுதும் நாம் நாடகம் குறித்துப் பேச வந்தது சற்றுத் துணிவுதான். 1959 செப்டம்பர் 15 அன்று இத்தில்லி மாநகரில் அரும்பிய தொலைக்காட்சி, இன்று கைப்பேசிக்குள்ளும் வந்தமர்ந்துவிட்டது. அவ்வழியே நாம் கண்டதுதான் 'சுழல்'. புஷ்கரும் காயத்ரியும் படைக்க, பிரம்மாவும் அனுசரணும் இயக்க, 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த தமிழ்த் தொடர் அது.

களம், சாம்பலூர் என்னும் கற்பனைச் சிற்றூர். ஆலை தீப்பற்றி எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலாவைக் காணோம். தேடப் புறப்படுகிறார் உதவி ஆய்வாளர் சக்கரை, கதிர் நடித்திருக்கிறார். மேலதிகாரி ரெஜினாவின் மகனும் அவ்விவகாரத்தில் சிக்கியிருக்கிறான். அதிகாரியாக நிற்பதா, தாயாக நிற்பதா என்று அவ்வம்மையார் தவிப்பதை ஸ்ரேயா ரெட்டி அருமையாகக் காட்டியிருக்கிறார். ஊரிலோ மயானக் கொள்ளைத் திருவிழா. அங்காளம்மனின் உக்கிர வேடங்களைக் கண்டதும், கரோல்பாக்கில் பிறந்த எம் பிள்ளைகள் வாய் பிளந்தனர். எமக்குச் சொந்த ஊர் நினைவு வந்துவிட்டது.

அதுவன்று நாம் சொல்ல வந்தது. தில்லியில் காவலர் நமக்கு அயலார், மொழியும் வேறு. சக்கரைக்கோ தெருவெல்லாம் பழக்கம், முகமெல்லாம் அறிமுகம். ஆலையைத் துருவுகிறார், பகையைத் துருவுகிறார், வெளியாரைத் துருவுகிறார். ஆனால் குற்றத்தின் வேரோ அப்பெண்ணின் உறவுக்குள்ளேயே இருக்கிறது. சிறுவயது முதல் அவளைச் சீரழித்தவன், வீட்டார் ஐயுறாத ஒருவன். இன்னும் பாராதோர் இதை நாம் முன்கூட்டிச் சொன்னதைப் பொறுத்தருள்க. மறைத்துப் பேச எமக்கு மனம் வரவில்லை.

நம் குடியிருப்பில் கதவுகள் திறந்தே கிடக்கின்றன. வருகிறவரெல்லாம் மாமா, சித்தப்பா. அவ்வன்பினால்தான் அயல்மண்ணில் பிழைத்தோம். அதை யாரும் பழிக்க வேண்டா. எனினும், 'மாமாவிடம் போகமாட்டேன்' என்று ஒரு குழந்தை சிணுங்கினால், 'மரியாதை தெரியாதா?' என்று அதட்டி அனுப்புகிறோமே! அவள் ஏன் மறுக்கிறாள் என்று ஒரு நாளேனும் கேட்டோமா? நாமும் கேட்டதில்லை.

இத்தொடர் சிறுவர் பார்க்கத் தக்கதன்று. பெரியோர் தனித்துப் பார்த்தல் நலம். எம் பிள்ளைகள் திருவிழாக் காட்சிகளை மட்டுமே கண்டனர். கடைசிப் பகுதி முடிந்த இரவு எம் இல்லத்தாள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு வயது மகள் படுத்திருந்த அறைக்குள் சென்றாள். நெடுநேரம் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தனர். நாம் கதவுக்கு வெளியே நின்றிருந்தோம்.