கணிப்பொறி அரசரும் எல்லையோர ஊரும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் கம்பனையும் இளங்கோவையும் பற்றிக் கற்றோர் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் தாங்கள். இவ்வாண்டு நம் செயலாளர் அவர்கள், காலனிப் பிள்ளைகள் மாலைதோறும் கணிப்பொறியின் முன் அமர்ந்து ஆடும் போர் விளையாட்டைப் பற்றிச் சில சொல்லுமாறு என்னைப் பணித்தார். அதனால் பிள்ளைகளுக்குச் சண்டைக் குணம் வளர்கிறதென்று தாய்மார் சிலர் முறையிட்டனராம். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்து, இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதி வருபவன் நான். எனக்குள்ள தகுதி ஒன்றே. ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகனோடு அமர்ந்து நானும் அதை ஆடுகிறேன்.

'சிவிலிசேஷன்' என்னும் ஓர் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1991-இல் அமெரிக்காவில் சிட் மெயர், புரூஸ் ஷெல்லி என்னும் இருவர் அமைத்தது. இங்கு நான் கூறப்போவது 2016-இல் வெளிவந்த அதன் ஆறாம் பதிப்பைப் பற்றி. சதுரங்கம்போல் முறை வைத்து ஆடுவது. அறுகோணக் கட்டங்களாலான நிலத்தில் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்கி, ஊர் அமைத்து, உழுது, கலைகள் கற்று, படை திரட்டி அரசு வளர்க்க வேண்டும். சூழ இருக்கும் அரசர்களை நடத்துவது கணிப்பொறி.

அவ்வரசர்மீது நாம் போர் தொடுக்கலாம்; தடை ஒன்றுமில்லை. ஆயினும் 2019-இல் வந்த 'கேதரிங் ஸ்டார்ம்' என்னும் விரிவாக்கம் ஒரு பேரேட்டைத் திறந்துவைத்திருக்கிறது. அதில் எழுதப்படுவது மனக்குறை. முன்னறிவிப்பின்றிப் போர் தொடுத்தவன்மீது 150; முறைப்படி கண்டனம் தெரிவித்துப் பின் தொடுத்தவன்மீது 100. இத்தொகை ஏறியவனை ஏனைய அரசரும் வெறுப்பர். மாறாக, நம்மீது ஒருவன் திடீரெனப் படையெடுத்தால் அந்த 150 நம் பக்கத்து வரவாகும். பின்னர் அவன் ஊரை நாம் கைப்பற்றினாலும் அதனால் எழும் மனக்குறை அவ்வரவில் கழிந்துவிடும். முறைதோறும் அது சிறிது சிறிதாகத் தேய்ந்துகொண்டே போகுமாகலின் காலந்தாழ்த்தலாகாது, அவ்வளவே.

ஆகவே தேர்ந்த ஆட்டக்காரன் போரை விரும்புகிறான்; ஆனால் அதைத் தொடங்கியவன் மற்றவனாக இருக்க வேண்டும் என்கிறான்.

இதற்கு அவன் கையாளும் வழி வியக்கத்தக்கது. கணிப்பொறி அரசர் ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கை உண்டு. நம் நாட்டுக்கு அவ்வாட்டத்தில் தலைவர் இருவர். காந்தியடிகள் ஒருவர், அவரைச் சினமூட்டிப் போருக்கு இழுப்பது எளிதன்று. (அடிகள் அணுகுண்டு வீசுவார் என்ற வேடிக்கைக் கதையை இளைஞர் பலர் அறிவர். முதற் பதிப்பில் நேர்ந்த கணக்குப் பிழையால் அவ்வாறு ஆயிற்று என்பர். அது வெறுங்கதை என்று சிட் மெயரே 2020-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதிவிட்டார்.) மற்றவர் 2018-இல் சேர்க்கப்பட்ட சந்திரகுப்த மௌரியர். தம் எல்லையருகே பிறர் ஊர் இருத்தல் அவருக்கு ஆகாது. அவரை வெகுளச் செய்ய ஒரு சொல்லும் வேண்டா. அவர் வேலியோரம் ஓர் ஊர் அமைத்தாலே போதும்.

வெகுளி மட்டும் போர் ஆகிவிடாது. எதிரியின் வலிமையைக் கணிப்பொறி எண்ணிப் பார்க்கும். படைகளின் வலிமை ஓர் எண்ணாகத் திரையில் தோன்றும். அவ்வெண்ணில் மதில் சேராது, குன்று சேராது, இடையில் ஓடும் ஆறு சேராது, கருவூலத்துப் பொன்னும் சேராது. எனவே என் மகன் செய்வது இது: எல்லையோர ஊரைக் குன்றின் அடியில் அமைப்பான்; கல்மதில் எழுப்புவான்; படையாகக் கவண் வீசுவோர் இருவர் மூவரை மட்டும் நிறுத்துவான்; பொன்னைச் செலவிடாது சேர்ப்பான். கணிப்பொறி எண்ணைப் பார்க்கிறது, இவன் இளைத்தவன் என்று துணிகிறது, முரசு அறைகிறது. மறுமுறையிலேயே பொன்னைக் கொட்டிக் கவண்காரர் வில்லாளிகளாக உயர்த்தப்படுவர். மேலும் சிலர் விலைக்கு வாங்கப்படுவர்.

ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைக்கே இடம். குன்றுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியில் பத்துப் படை வரினும் முன்னிற்பது ஒன்றோ இரண்டோ. வில்லாளி இரண்டு கட்டம் தள்ளி நின்று எய்வான். மதிலுடைய ஊரும் தானே எய்யும். மதில் இடிக்கும் பொறியின்றி வாள்வீரர் மோதினால் மதில் சிறிதே தேயும். இதனைக் கணிப்பொறி பெரும்பாலும் கருதுவதில்லை. வந்த படை அழிந்தபின் அதன் நாட்டில் காவல் குறைவு. கல்லெறியும் பொறிகளோடு நாம் புறப்பட வேண்டியதே. பத்து முறை கழியுமுன் சமாதானம் பேச இயலாது என்பது விதி. அதற்குள் எல்லையூர் ஒன்றிரண்டு நம் கைக்கு வந்துவிடும். பல வேளைகளில் பொன்னும் கொடுத்து அவ்வரசன் உடன்படிக்கை கேட்பான்.

ஆட்டத்தில் எட்டுப் படிகள் உண்டு. மேற்படியில் கணிப்பொறி அறிவு மிக்கதாகிறது என்று எண்ணற்க. அதற்குக் கையிருப்பே மிகுதியாகத் தரப்படுகிறது. உச்சப்படியில் நாம் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்க, அது மூன்றோடு தொடங்கும். செல்வம் மிகும், எண்ணும் முறை மாறாது. அங்கேயும் இதே சூழ்ச்சி செல்லும், மதிலுக்கு முன் வரும் படை பெரிது என்பதொழிய.

தமிழருக்கு இது புதிதன்று. ஆநிரை கவர்தலையே போரின் தொடக்கமாக வைத்து வெட்சி என்று பெயரிட்டனர் நம் முன்னோர். வெட்சிப் பூச்சூடியவன் தான் தொடங்கியதை மறைத்தானல்லன்; பூவே பறைசாற்றும். இங்கோ பூவும் இல்லை, பேரேட்டில் வரியும் இல்லை. எல்லையில் ஊர் அமைத்தலைப் போர் தொடுத்தலாக அது எழுதாது. கணக்கெழுதுவோன் ஆகலின் இஃது எனக்கு உறுத்துகிறது. ஏட்டில் ஏறியதே நடந்தது, ஏறாதது நடக்கவில்லை என்பது அலுவலகத்துக்குப் பொருந்தலாம். குழாயடியிலும் அப்படித்தானே நிகழ்கிறது? முதலில் கூவியவர் பெயரைக் காலனி முழுதும் அறியும். அதற்குமுன் குடத்தை மெல்ல நகர்த்தி வைத்தவரை எவரும் அறியார்.

ஒருநாள் மௌரியரை வென்ற பின் என் மகன், "அவர்தாம் அப்பா போர் தொடுத்தார், நான் தற்காத்துக்கொண்டேன்" என்றான். கூறியது கணக்கின்படி உண்மை. அதே வாரத்தில் பள்ளியில் ஒரு கைகலப்பு நேர்ந்து, ஆசிரியர் என்னை அழைத்திருந்தார். அங்கும் அவன், "அவன்தான் முதலில் அடித்தான்" என்றான், அதே குரலில். அடிக்குமுன் என்ன நடந்தது என்று நான் கேட்டேன். விடை வர நெடுநேரமாயிற்று. ஆதலின் தாய்மார் முறையீட்டை நான் முற்றும் தள்ளவில்லை. எனினும், பொறியை மூடி வைப்பதைவிட அருகில் அமர்ந்து, "அந்த ஊரை அங்கு ஏன் வைத்தாய்?" என்று கேட்பதே நலம் என்பது என் கருத்து.

இன்னொன்று. ஒரே பொறியில் வீட்டார் இருவர் மாறி மாறி அமர்ந்து ஆடவும் வழியுண்டு. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அண்டை அரசியாக அமர்ந்தாள். அண்ணன் வழக்கம்போல் எல்லையோரம் ஊர் அமைத்தான். கவண்காரர் மூவரை நிறுத்தினான். வாணிகம் பேசும் திரையில் எதிரியின் பொன் எவ்வளவு என்று தெரியும். கணிப்பொறி அதைக் கண்டும் ஐயுறாது. இவள் கண்டாள். "அண்ணா, படை இல்லாமல் இவ்வளவு காசை எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, எதிரே தானும் ஒரு மதில் எழுப்பித் தன் வயலைப் பார்க்கப் போனாள். அவன் காத்திருந்தான். என் மனைவி சாப்பிட அழைக்கும் வரையில் போர் வரவில்லை.

2025-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் சோழரும் இடம்பெற்றுள்ளனர் என்ற நற்செய்தியையும் தெரிவித்து அமைகிறேன்.