பழைய கணனிகளைப் பேணுதல்

(இளைஞர் மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பழையதைக் கழித்துப் புதியதைக் கொள்வது உலக வழக்கு. கணனி என்னும் பொறியின் விடயத்தில் இவ்வழக்கு மிகுந்த வேகத்துடன் நடைபெறுகின்றது. வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் சென்றதும் அது கிழடாகிவிட்டது என்கின்றோம். பத்தாண்டுகள் சென்றதும் பரண்மேல் ஏற்றுகின்றோம். பின்னர் ஒருநாள் பழைய இரும்பு வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்துவிடுகின்றோம். அவ்வாறு ஒதுக்கப்படும் கணனிகளுட் சிலவற்றையேனும் பேணி, இயங்கும் நிலையில் வைத்துப் பயன்கொள்வதனால் விளையும் நன்மை யாது என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள். இது பொழுதுபோக்காளர் சிலரின் ஆசை மாத்திரமே என்று எண்ணுவார் உளர். அவ்வாறன்று என்பதே நமது துணிபு. அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

முதலாவது, கல்வி. இன்றைய கணனியைத் திறந்து பார்க்கும் மாணவன் எதனைக் காண்கின்றான்? விரல்நக அளவுள்ள ஒரு சில்லினுள் கோடிக்கணக்கான உறுப்புகள் அடங்கியுள்ளன. கண்ணுக்கோ ஒன்றும் புலப்படுவதில்லை. பழைய கணனியோ தன் உள்ளத்தைத் திறந்து காட்டும் இயல்பினது. இதற்குத் தக்க சான்றொன்று இங்கிலாந்தில் உண்டு. ஹார்வெல் என்னும் இடத்திலுள்ள அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில், 1951ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய கணனி ஒன்று, அதன் நிறை இரண்டரைத் தொன். அதில் டெக்கட்ரோன் எனப்படும் வாயுக் குழாய்கள் 828 இருந்தன. ஒவ்வொரு குழாயின் தலையிலும் ஓர் ஒளிப்பொட்டு பத்து இடங்களைச் சுற்றி நகரும். அது நிற்கும் இடமே இலக்கம். ஆகவே, எண்கள் கூடுவதையும் பெருகுவதையும் ஒருவர் எதிரே நின்று கண்ணாற் காணலாம். ஒரு பெருக்கலைச் செய்ய அதற்குச் சில வினாடிகள் பிடிக்கும். வேகத்தில் அது ஆமையே. எனினும், களைப்பின்றியும் பிழையின்றியும் இரவு பகலாக உழைத்தமையால் விஞ்ஞானிகள் அதனைப் பெரிதும் மதித்தனர்.

1957இல் அந்நிலையத்தாருக்கு அது வேண்டாத பொருளாயிற்று. அவர்கள் அதனை உடைத்துப் போடவில்லை. எந்தக் கல்லூரி அதனை நன்கு பயன்படுத்தும் என்று ஒரு போட்டி வைத்து, வென்ற வுல்வர்ஹாம்டன் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அளித்தனர். அங்கே 1973 வரை மாணவர்க்கு ஆசானாக விளங்கியது. பின்னர் பேர்மிங்ஹாம் நூதனசாலை ஒன்றில் காட்சிப் பொருளாக இருந்து, 1997இல் அந்நூதனசாலை மூடப்பட்டதும் களஞ்சியத்தில் முடங்கியது. அதன் கட்டுப்பாட்டுப் பலகை ஒரு புகைப்படத்தில் தற்செயலாகக் கண்ணிற்படவே, பிளெச்லி பார்க்கிலுள்ள தேசியக் கணனி நூதனசாலையைச் சேர்ந்த தொண்டர்கள் 2009இல் அதனைப் பெற்று, மூன்றாண்டுகள் உழைத்து, 2012 நவம்பரில் மீண்டும் இயக்கினர். அறுபதாண்டு கடந்த அந்த முதிய ஆசானைச் சூழ்ந்து நின்று இன்றைய பாடசாலைப் பிள்ளைகளும் கணக்கின் நடையைக் கற்கின்றனர். அன்று அதனை உருக்கியிருந்தால் சிறிது உலோகம் கிடைத்திருக்கும், இக்கல்வி கிடைத்திராது.

இரண்டாவது, நினைவைக் காத்தல். இதுவே நாம் பெரிதும் சிந்திக்கவேண்டியது. இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன் 1086இல் தன் நாட்டு நிலங்களையும் குடிகளையும் கணக்கெடுத்து ஒரு பேரேடு எழுதுவித்தான். டூம்ஸ்டே ஏடு என்பது அதன் பெயர். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பிபிசி நிறுவனத்தார் புதிய டூம்ஸ்டே ஏடொன்றைக் கணனியில் ஆக்கினர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அதில் பங்குகொண்டனர். அவருள் மிகப் பலர் பாடசாலை மாணவர். தம் ஊர், தம் வீதி, தம் அன்றாட வாழ்க்கை ஆகியவற்றை எழுதியும் படம்பிடித்தும் அனுப்பினர். அவை ஒளிக்கதிர் வட்டுகளிற் பதிக்கப்பட்டன. அவ்வட்டுகளைப் படிக்க ஒரு தனிவகைக் கருவியும் கணனியும் வேண்டியிருந்தன. பதினைந்து ஆண்டுகள் செல்லுமுன் அக்கருவிகள் அருகிப்போயின. தொள்ளாயிரம் ஆண்டு பழைய தோலேட்டை அறிஞர் இன்றும் படிக்கின்றனர். பதினைந்து ஆண்டு வயதுடைய வட்டோ ஊமையாயிற்று! ஆராய்ச்சியாளர் 2002ஆம் ஆண்டளவில் பெருமுயற்சி செய்தே அதனை மீட்டனர். அம்முயற்சிக்கும், எஞ்சியிருந்த பழைய கருவிகள் இயங்கியமையே துணையாயிற்று.

இன்னொரு சான்றும் கேளுங்கள். 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்கர் ஐந்து கலங்களைச் சந்திரனைச் சுற்ற அனுப்பிப் படங்கள் பெற்றனர். அப்படங்கள் அகன்ற காந்த நாடாக்களிற் பதிவாகியிருந்தன. நாடாக்கள் கிடங்கில் கிடந்தன. அவற்றைப் படிக்கும் பொறிகளோ உலகில் அருகிவிட்டன. நான்சி இவான்ஸ் என்னும் அம்மையார் அப்பொறிகளுட் சிலவற்றை எறியவிடாது காப்பாற்றித் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் பல்லாண்டு வைத்திருந்தார். 2008இல் ஒரு குழுவினர் அவற்றைச் செப்பனிட்டு இயக்கினர். சந்திரனின் விளிம்பிலிருந்து நம் பூமி தோன்றும் காட்சி, முன்னர் எவரும் கண்டிராத தெளிவுடன் வெளிவந்தது. தூசி படிந்த ஒரு பொறி இல்லையேல் அந்நாடாக்கள் வெறும் சுருள்களே.

தமிழராகிய நமக்கு இச்செய்தி புதிதன்று. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சிதைந்துபோன ஏட்டுப்பிரதிகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றித் தந்தார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறிடங்களிற் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. நினைவு இழப்பது என்ன என்பதை நாம் அறிவோம். எனினும், ஏட்டுக்கும் வட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டைப் படிக்கக் கண்ணும் கல்வியும் போதும். வட்டைப் படிக்க அதற்குரிய பொறியும் உயிரோடு இருத்தல் வேண்டும்.

நமது ஊர்களில் மன்றங்களும் பாடசாலைகளும் வெளியிட்ட மலர்கள், கூட்ட அறிக்கைகள், முதியோர் எழுதிய ஊர் வரலாறுகள் பல, பிளொப்பி என வழங்கும் நெகிழ்வட்டுகளிற் பதிந்து அலுமாரிகளில் உறங்குகின்றன. அவ்வட்டுகளின் பெரும் உற்பத்தியாளரான சொனி நிறுவனம் 2011இல் அவற்றின் விற்பனையை நிறுத்திற்று. இன்று கடையில் வாங்கும் கணனியில் அவற்றைச் செருகும் வாயே இல்லை. மேலும், அக்காலத்து எழுத்துகள் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் அவை ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற குவியலாகவே தோன்றும். அவற்றை இன்றைய ஒருங்குறிக்கு மாற்ற வழியுண்டு. ஆனால், முதலில் வட்டினுள்ளிருந்து வெளியே எடுத்தாலன்றோ மாற்றலாம்? அதற்கு நெகிழ்வட்டு வாயுள்ள பழைய கணனி ஒன்று ஊருக்கு ஒன்றாவது வேண்டும். காந்தப் பதிவோ நாளுக்கு நாள் மங்குவது. ஆகவே, இதனைப் பத்தாண்டு கழித்துச் செய்வோம் என்பதற்கில்லை.

மூன்றாவது, கைத்திறன். உடைந்ததை எறிந்து புதியது வாங்கப் பழகியவன் வாங்குபவனாகவே இருப்பான். செப்பனிடப் பழகியவன் செய்பவனாகின்றான். உலக யுத்தக் காலத்தில் பிளெச்லி பார்க்கில் இயங்கிய கொலோசஸ் கணனிகளுட் பெரும்பாலானவை யுத்தம் முடிந்ததும் இரகசியம் கருதி அழிக்கப்பட்டன. பின்னர், ரோனி சேல் என்னும் பொறியியலாளர் எஞ்சிய சில படங்களையும் முதியோரின் ஞாபகத்தையும் கொண்டு 1993இல் ஒன்றை மீளக் கட்டத் தொடங்கினார். முடிக்கப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. அழிப்பதற்கு ஒரு பொழுது; ஆக்குவதற்குப் பதினான்கு ஆண்டு.

இனி, மறுப்பார் கூற்றையும் நோக்குவோம். "பழைய பொறிகள் இடத்தை அடைக்கும், மின்சாரத்தை விழுங்கும், எல்லாவற்றையும் வைத்திருக்க வீடு போதாது" என்பர் சிலர். உண்மையே. எல்லாவற்றையும் சேர்த்துக் குவிப்பது பேணுதலன்று. வகைக்கு ஒன்று, அதுவும் இயங்கும் நிலையில், அதனை அறிந்தவர் ஒருவரின் கையில் இருந்தாற் போதும். அன்றாட வேலைகளைப் புதிய கணனியே செய்யட்டும்.

ஆதலால், இளைஞர்களே, செயலில் இறங்குவோம். பழைய கணனி ஒன்று கிடைத்தால் உடனே மின்சாரத்தில் இணைத்துவிடாதீர்கள். நெடுங்காலம் உறங்கிய மின்தேக்கிகள் வெடித்தலும் புகைதலும் உண்டு. அறிந்தவரைக் கொண்டு முதலிற் சோதிப்பியுங்கள். உள்ளேயிருக்கும் சிறு மின்கலத்தைக் கழற்றிவிடுங்கள். அது கசிந்து பலகையை அரித்துவிடும். மூன்றரை அங்குல நெகிழ்வட்டாயின், அதன் மூலையிலுள்ள சிறு துளையைத் திறந்து வைத்துச் செருகுங்கள். அப்பொழுது உள்ளிருப்பது தவறுதலாக அழியாது. எடுத்த கோப்புகளை ஓரிடத்திலன்றி மூன்றிடங்களில் வையுங்கள்.

பெரியோர்களே, தங்களிடம் நாம் வேண்டுவதும் ஒன்றுண்டு. தங்கள் அலுமாரிகளில் உள்ள வட்டுகளையும், பரண்மேல் உள்ள பொறிகளையும் பழைய இரும்புக்குக் கொடுக்குமுன் ஒருமுறை இளைஞரிடம் காட்டுங்கள். வட்டில் என்ன இருக்கிறது, யார் எழுதியது, எந்த ஆண்டு என்பவற்றைச் சொல்லுங்கள். அதனைக் கணனி சொல்லாது, தாங்களே சொல்லவேண்டும். பொறியை இயக்க இளைஞர் கை. பொருளை உணர்த்த முதியோர் வாய். இவ்விரண்டும் ஒருங்கே கூடும் காலம் நீண்டதன்று. அக்காலம் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோமாக.